யாருக்குத் தெரிந்தவர்? – ‘வெல் நோன்’ என்ற சொற்றொடரும் அதன் உறவினர்களும்

பல ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெற்ற மொழியாசிரியர் ஒருவரை ஒரு கூட்டத்தில் ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. அரைப் பக்க உரைதான். முதல் வாக்கியத்தில், பலருக்குத் தெரிந்தவர் என்ற பொருளில், ‘வெல் நோன்’ (well known) என்று எழுதினேன். அடுத்த வாக்கியத்திலும் அதே சொற்றொடர் வந்து நின்றது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவது குற்றம் என்று பள்ளியில் பழக்கியிருந்ததால், ஒத்தபொருள் அகராதி ஒன்றைத் திறந்து, அங்கே வரிசையாகக் கிடந்த சொற்களில் கைக்கு அகப்பட்டவற்றை எடுத்து நிரப்பினேன். இரண்டாம் இடத்தில் ‘ஃபேமஸ்’ வந்தது. மூன்றாம் இடத்தில் ‘ரினௌண்ட்’ வந்தது. நான்காம் இடத்தில், அவருடைய கண்டிப்பைப் பாராட்டும் வாக்கியத்தில், ‘நொட்டோரியஸ்’ வந்து அமர்ந்தது. வாசித்தபோது முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். மேடையை விட்டு இறங்கும்போது அந்தப் பெரியவர் என் தோளில் கை வைத்து, “நான் செய்ததெல்லாம் இத்தனை பேருக்குத் தெரிந்துவிட்டதா, தம்பி?” என்று கேட்டார். அவர் என்ன கேட்டார் என்பது வீட்டுக்கு வந்து நல்லதோர் அகராதியைப் புரட்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது: ‘நொட்டோரியஸ்’ என்றால் கெட்ட பெயரால் ஊரறிந்தவர்.

அன்று தொடங்கிய கூச்சம், அந்த ஒரு சொற்றொடரையும் அதைச் சுற்றியுள்ள சொற்களையும் கவனித்துக்கொண்டே இருக்கும் பழக்கமாக மாறிவிட்டது. ‘வெல் நோன்’ என்பதற்கு ஈடாக ஆங்கிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சொற்களை எளிதில் எண்ணிவிடலாம். அவற்றுள் ஒன்றுகூட மற்றொன்றின் இடத்தில் அப்படியே பொருந்தாது என்பதுதான் நான் கண்டது. இதில் ஒத்தபொருள் அகராதிகளைக் குறை சொல்வதும் முறையன்று. பீட்டர் மார்க் ரோஜே என்ற ஆங்கில மருத்துவர் 1852-இல் வெளியிட்ட புகழ்மிக்க ‘தெசாரஸ்’, சொற்களை அகர வரிசையில் அடுக்காமல் கருத்துகளின் அடிப்படையில் தொகுத்தது. ஒரு கருத்தைச் சொல்ல முனைபவருக்கு, மறந்துபோன சொல்லை நினைவூட்டுவதே அதன் வேலை. ஏற்கெனவே அறிந்த சொல்லை நினைவுக்குக் கொண்டுவர உதவும் கருவியை, அறியாத சொல்லைக் கடன் வாங்கும் கடையாக நான் பயன்படுத்தினேன். நம் பழைய நிகண்டுகளும் அப்படித்தான்: ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஒரு சூத்திரத்தில் கோத்துத் தரும், எந்தப் பெயர் எந்த இடத்தில் நிற்கும் என்பதைக் கற்பவர் இலக்கியத்தில் கண்டுகொள்ள வேண்டும்.

முதலில் ‘வெல் நோன்’ என்பதையே எடுத்துக்கொள்கிறேன். இது புகழ்ச்சிச் சொல் அன்று. நம்மில் பலர் இதைப் ‘புகழ்பெற்ற’ என்று மொழிபெயர்த்துவிடுகிறோம்; அங்கேயே பிழை தொடங்கிவிடுகிறது. புகழ் என்பது புகழ்தல் என்னும் வினையோடு ஒட்டிப் பிறந்த சொல். அதில் பாராட்டு உள்ளேயே இருக்கிறது. ‘வெல் நோன்’ பாராட்டுவதுமில்லை, பழிப்பதுமில்லை. பலருக்குத் தெரியும் என்று தலையெண்ணிச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் ‘வெல் நோன் ஃபாக்ட்’ என்று ஓர் உண்மையையும், ‘வெல் நோன் பிராப்ளம்’ என்று ஒரு சிக்கலையும் அதனால் சுட்ட முடிகிறது. ‘ஃபேமஸ் ஃபாக்ட்’ என்றால் காதில் இடறுகிறது. தமிழில் இதற்கு நெருக்கமாக நிற்பவை ‘நாடறிந்த’, ‘ஊரறிந்த’, ‘பலரறிந்த’ போன்றவை. ‘ஊரறிந்த ரகசியம்’ என்று நாம் சொல்வதை நினைத்துப் பார்த்தால், அந்த ‘அறிந்த’ என்ற சொல்லில் புகழ்ச்சி எதுவும் கலக்கவில்லை என்பது தெரியும். ‘நன்கு அறியப்பட்ட’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. பொருள் சரிதான், ஆனால் அது மொழிபெயர்ப்பு மேசையைவிட்டு இன்னும் எழுந்திருக்காத தொடர் என்பது என் எண்ணம்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு ஒன்று இருக்கிறது. தமிழ்த் தொடர்கள் அறிந்தவர் யார் என்பதைத் தவறாமல் சொல்லிவிடுகின்றன: ஊர் அறிந்தது, நாடு அறிந்தது, உலகு அறிந்தது. ஆங்கிலத்தின் ‘வெல்’ எவ்வளவு என்று மட்டும் சொல்கிறது. யார் என்பதை மறைத்துவிடுகிறது. அந்த மறைப்பை நீக்குவதற்குத்தான் அதன் பின்னால் ‘ஃபார்’, ‘ஆஸ்’, ‘டு’, ‘இன்’, ‘அமங்’ என்ற சிறு சொற்கள் வருகின்றன. ஒருவர் தம் ஆராய்ச்சியால் தெரியவந்தவர் என்றால் ‘ஃபார்’ வரும். ஓவியராகத் தெரியவந்தவர் என்றால் ‘ஆஸ்’ வரும். ஒரு வட்டத்துக்குள் தெரிந்தவர் என்றால் ‘இன்’ அல்லது ‘அமங்’ வரும். குறிப்பிட்ட சிலருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ தெரிந்தவர் என்றால் ‘டு’ வரும். கடைசியாகச் சொன்னதில்தான் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘வெல் நோன் டு த போலீஸ்’ என்று ஆங்கிலச் செய்தியில் ஒருவரைப் பற்றி வந்தால், அவர் பலமுறை காவல்துறையின் கையில் சிக்கியவர் என்று பொருள். அதையே ‘போலீசுக்கு நன்கு தெரிந்தவர்’ என்று தமிழாக்கினால், நம் வாசகர் அவரைச் செல்வாக்கு உள்ளவர் என்று எடுத்துக்கொண்டு, தமக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தால் அவரைத் தேடிப் போகவும் கூடும். சொற்கள் ஒன்றுதான், தெரிந்திருப்பதன் திசை வேறு.

எழுத்தில் இந்தச் சொற்றொடருக்கு இன்னொரு சிக்கல், நடுவில் வரும் சிறு கோடு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் இரண்டு சொற்களையும் கோடிட்டு இணைப்பார்கள். ‘எ வெல்-நோன் ரைட்டர்’ என்பது போல. வாக்கியத்தின் பயனிலையாகப் பின்னால் வந்தால், ‘த ரைட்டர் இஸ் வெல் நோன்’ என்று கோடில்லாமல் எழுதுவதே நடைக் கையேடுகள் பெரும்பாலும் பரிந்துரைக்கும் முறை. சில அகராதிகள் தலைச்சொல்லைக் கோட்டோடு தருவதால், பின்னால் வரும்போதும் கோடிட்டு எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அதைப் பெரும்பிழை என்று சொல்ல முடியாது. முன்னால் வரும்போது கோடிடுவதற்குக் காரணம் எளிது: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பல சொற்கள் நெருங்கி நிற்கும்போது எது எதோடு சேரும் என்று வாசகர் தடுமாறக் கூடாது. ‘வைட்லி நோன்’ போல ‘லி’ என்று முடியும் வினையடை முன்னால் நின்றால் அந்தத் தடுமாற்றம் வருவதில்லை; அங்கே கோடும் தேவையில்லை. ஒப்புமைப் படிகள் ‘பெட்டர் நோன்’, ‘பெஸ்ட் நோன்’ என்று வரும். ‘மோர் வெல் நோன்’ என்பது பேச்சில் நிறையக் கேட்கிறது, அச்சிலும் வந்துவிட்டது. ஆனால் கவனமாக எழுதுபவர் கையில் ‘பெட்டர்’தான் அழகு.

இனி ‘ஃபேமஸ்’. லத்தீனில் ‘ஃபாமா’ என்றால் பேச்சு. வதந்தி என்ற பொருளும் அதற்கு உண்டு. ‘ஃபாரி’ என்னும் பேசுதல் வினையிலிருந்து வந்த சொல் அது. கதையைக் குறிக்கும் ‘ஃபேபிள்’ அதே வேரில் பிறந்தது. பேசத் தெரியாத குழந்தையைக் குறிக்கும் ‘இன்ஃபன்ட்’ என்ற சொல்லும் அங்கிருந்துதான் வந்தது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது: பேசாத ஒன்று, பேசப்படும் ஒன்று, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆக, நாலு பேர் வாயில் விழுந்தவரே ‘ஃபேமஸ்’ ஆனவர். லத்தீனில் அதன் மூலச் சொல்லுக்கு நல்ல பேர், கெட்ட பேர் இரண்டையும் சுட்டும் பழக்கம் இருந்தது. தமிழில் ‘இசை’ என்ற சொல் இதற்கு அருகே வருகிறது. ‘ஈதல் இசைபட வாழ்தல்’ என்று குறள் சொல்லும்போது அங்கே இசை என்பது பாட்டு அன்று, புகழ். ஒலியைக் குறிக்கும் சொல்லே, பலர் வாயிலிருந்து எழும் ஒலி என்ற வழியில், புகழையும் குறித்தது. இன்றைய ஆங்கிலத்தில் ‘ஃபேமஸ்’ என்பது ‘வெல் நோன்’ என்பதைவிட ஒரு படி உரத்தது. ஒரு துறைக்குள் நூறு பேருக்குத் தெரிந்த அறிஞரை ‘வெல் நோன் இன் ஹெர் ஃபீல்ட்’ என்று சொல்லலாம். ‘ஃபேமஸ்’ என்று சொல்ல, அந்தத் துறையோடு தொடர்பில்லாதவர்களும் அவர் பேரைக் கேட்டிருக்க வேண்டும். எண்ணிக்கை பெரிது, தூரம் அதிகம்.

எனக்கு அவமானத்தைத் தேடித் தந்த ‘நொட்டோரியஸ்’ என்பதன் வரலாறுதான் இந்தக் குடும்பத்திலேயே சுவையானது. அதன் வேர் லத்தீனின் ‘நோட்டுஸ்’. அதற்குத் தெரிந்த, அறியப்பட்ட என்பது மட்டுமே பொருள். அதே வேரின் மற்றொரு கிளையில் வந்தது ‘நோபிள்’. லத்தீனில் ‘நோபிலிஸ்’ என்றால் பலரறிந்தவர் என்பதே முதற்பொருள், பலரறிந்த குடும்பம் என்பது உயர்குடும்பம் என்று ஆகி, பிறகு உயர்குணம் என்றும் ஆகியது. ஆங்கிலத்தின் ‘நோ’ என்ற அறிதல் வினையும் இன்னும் பழைய காலத்தில் இதே வேரோடு சேர்ந்ததுதான். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவன் அரண்மனைக்குப் போனான், ஒருவன் சிறைக்குப் போனான், ஒருவன் வீட்டோடு இருந்து அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ‘நொட்டோரியஸ்’ முதலில் கெட்டுப்போன சொல்லாக இல்லை. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் அதற்கு வெளிப்படையாகத் தெரிந்தது, மறைவில்லாதது என்றே பொருள் எழுதினார். ஆனால் அது பெரும்பாலும் கெட்ட பெயரோடு தெரிந்தவற்றுக்கே வழங்குகிறது என்றும், அதனால் சொல்லின் உண்மைப் பொருளை அறியாதவர்கள், ஒருவருக்கும் தெரியாமல் நடந்த கொடுங்குற்றத்தைக்கூட அப்படி அழைக்கிறார்கள் என்றும் சலிப்போடு சேர்த்துக்கொண்டார். அறியாதவர்கள் என்று அவர் கடிந்துகொண்டவர்களின் பக்கமே வழக்கு சாய்ந்துவிட்டது. சட்டத்தில் மட்டும் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது: பிறர் நிலத்தை நெடுங்காலம் அனுபவித்து உரிமை கோருபவர், அதை ஒளிவுமறைவின்றி ஊரறிய அனுபவித்திருக்க வேண்டும் என்பதை ‘ஓப்பன் அண்ட் நொட்டோரியஸ்’ என்றே ஆங்கிலச் சட்டநூல்கள் இன்றும் எழுதுகின்றன. அங்கே அந்தச் சொல்லில் குற்றத்தின் வாடை இல்லை.

இப்படிச் சரிந்த சொற்கள் நமக்குப் புதியவை அல்ல. ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்று பூவுக்கு நாற்றம் உண்டு என்று சொன்னால் பூ விற்பவர் சண்டைக்கு வருவார். ஆனாலும் ‘நொட்டோரியஸ்’ முழுவதும் கருத்துப்போகவில்லை. அதன் வினையடை வடிவம், ‘நொட்டோரியஸ்லி டிஃபிகல்ட்’ என்பது போல, எல்லோரையும் பாடாய்ப் படுத்துவது என்ற அளவில் நிற்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பற்றி அப்படிச் சொல்லலாம், அதில் ஒழுக்கக் கேடு எதுவும் இல்லை. தமிழில் இதற்குப் ‘பேர்போன’ என்ற சொல் நெருக்கமாக வருகிறது. ‘பேர்போன வைத்தியர்’ என்றும் சொல்கிறோம், ‘பேர்போன கஞ்சன்’ என்றும் சொல்கிறோம். எந்தப் பேர் என்பதைப் பின்னால் வரும் சொல் தீர்மானிக்கிறது. ‘பிரபல’ என்பதும் அப்படியே. ‘பிரபல மருத்துவர்’ என்று எழுதும் அதே நாளிதழ், அடுத்த பக்கத்தில் ‘பிரபல ரவுடி கைது’ என்று எழுதும். நாம் இரண்டையும் இடறாமல் வாசித்துவிடுகிறோம். வடமொழியில் ‘பிரபல’ என்றால் வலிமை மிக்க என்பதே பொருள் என்பதை எண்ணினால், ரவுடிக்குத்தான் அந்த அடைமொழி கூடுதலாகப் பொருந்துகிறதோ என்றுகூடத் தோன்றுகிறது. என்னுடைய பிழைக்கும் இதுவே வேர் என்று இப்போது நினைக்கிறேன்: தமிழில் ஓர் அடைமொழி மருத்துவருக்கும் ரவுடிக்கும் பொதுவாக ஓடுவதால், ஆங்கிலத்திலும் எந்த அடைமொழியும் எவருக்கும் ஓடும் என்று மனம் எண்ணிவிட்டது.

‘இன்ஃபமஸ்’ வேறு வகை. இதைப் பார்த்து, ‘ஃபேமஸ்’ என்பதற்கு முன்னால் ஏதோ அழுத்தம் கூட்டியிருக்கிறார்கள், மிகவும் புகழ்பெற்ற என்று பொருள் இருக்கும் என்று நம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘இன்வேல்யுவபிள்’ என்பது விலைமதிப்பற்ற என்ற உயர்பொருளில் வருவதால், அப்படி நினைப்பவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆனால் இது பழியைச் சுமக்கும் சொல். பழைய ரோமானியச் சட்டத்தில் ‘இன்ஃபாமியா’ என்பது ஒருவர் தம் குடிமை மதிப்பை இழக்கும் நிலை. அந்தக் கனம் ஆங்கிலச் சொல்லிலும் தங்கிவிட்டது. ‘நொட்டோரியஸ்’ என்பதைச் சில வேளை வேடிக்கையாகவும் சொல்லலாம். ‘இன்ஃபமஸ்’ என்பதில் கண்டனம் கூடுதல். 1941 டிசம்பர் 7 அன்று ஹவாயிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் ஜப்பானால் தாக்கப்பட்டது. மறுநாள் அமெரிக்கக் காங்கிரசில் ஆற்றவேண்டிய உரையை அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த முதல் வரைவில், அந்த நாள் ‘உலக வரலாற்றில்’ வாழும் என்றுதான் இருந்தது. அவர் பேனாவை எடுத்து ‘வேர்ல்ட் ஹிஸ்டரி’ என்பதை அடித்துவிட்டு, மேலே, பெரும்பழி என்று பொருள்படும் ‘இன்ஃபமி’ என்ற சொல்லை எழுதினார். முதல் வரைவு அந்த நாள் மறக்கப்படாது என்பதோடு நின்றது. திருத்தம் அது எப்படி நினைக்கப்படும் என்பதையும் சொல்லிவிட்டது. ‘வெல் நோன்’ என்பதற்கும் ‘இன்ஃபமஸ்’ என்பதற்கும் உள்ள இடைவெளியை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

பாராட்டும் பக்கத்தில் கூட்டம் அதிகம். ‘ரினௌண்ட்’ என்பதைப் பலர் நடுவில் ஒரு ‘கே’ எழுத்தைச் செருகித் தவறாக எழுதுகிறார்கள். ‘நோன்’ அதற்குள் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணமே காரணம். உண்மையில் அங்கே இருப்பது அறிதல் அன்று, பெயர். பழைய பிரெஞ்சில் திரும்பத் திரும்பப் பெயர் சொல்லுதல் என்ற பொருளில் பிறந்த சொல் அது. திறமையாலோ தரத்தாலோ வந்த பெயருக்குத்தான் அதைச் சொல்வார்கள். ‘செலிப்ரேட்டட்’ என்பதன் லத்தீன் மூலத்துக்கு மக்கள் திரளாகக் கூடுதல் என்ற பொருள் உண்டு. இன்றும் அதில் கைதட்டலின் ஓசை கேட்கிறது. ‘எமினென்ட்’, ‘ப்ராமினென்ட்’ இரண்டுமே துருத்திக்கொண்டு நிற்றல் என்ற ஒரே கருத்தில் பிறந்தவை, ஆனால் வளர்ந்த விதம் வேறு. ‘எமினென்ட்’ அறிவுத் துறைகளில் உயர்ந்து நிற்பவருக்கு. நீதிபதி, விஞ்ஞானி, வரலாற்றறிஞர் போன்றவர்களுக்கு. ‘ப்ராமினென்ட்’ கண்ணில் படும் இடத்தில் இருப்பவருக்கு. அங்கே அறிவு கட்டாயமில்லை. ஒருவருடைய மூக்கு ‘ப்ராமினென்ட்’ ஆக இருக்கலாம், ‘எமினென்ட்’ ஆக இருந்தால் அந்த மூக்கு ஏதேனும் ஆய்வேடு சமர்ப்பித்திருக்க வேண்டும். ‘டிஸ்டிங்விஷ்ட்’ நீண்ட பணிவாழ்வுக்கும் அதனால் வந்த தோற்ற மிடுக்குக்கும் உரியது. ‘இல்லஸ்ட்ரியஸ்’ என்பதில் வெளிச்சம் அதிகம். இன்று நினைவுமலர்களுக்கு வெளியே அதை எழுதினால் கேலியாகப்படும் ஆபத்து இருக்கிறது.

‘நோட்டட்’, ‘நோட்டபிள்’ இரண்டையும் ஒன்றாக எண்ணுவது இன்னொரு பழக்கம். முன்னது ஏற்கெனவே கவனிக்கப்பட்டவரைச் சுட்டும். பின்னது கவனிக்கத் தக்கவரைச் சுட்டும். கவனிக்கத் தக்கவர் இன்னும் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம். கவனிக்கப்பட்டவர் அதற்குத் தகுதி இல்லாதவராகவும் இருக்கலாம். செய்யத் தக்கது வேறு, செய்து முடிந்தது வேறு என்று வினைகளில் துல்லியமாகப் பிரித்துப் பேசும் நாம், இந்த இரண்டை மட்டும் ‘குறிப்பிடத்தக்க’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம்.

இன்னொரு தொகுதி, ‘வெல் நோன்’ என்பதற்கு உறவுபோலத் தோன்றி உறவில்லாத சொற்கள். ‘பாப்புலர்’ என்றால் பலருக்குப் பிடித்த என்று பொருள். தெரிந்திருப்பது வேறு, பிடித்திருப்பது வேறு. புதிய வரி ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததாக ஒரே நாளில் ஆகிவிடும், ‘பாப்புலர்’ ஆக ஒருநாளும் ஆகாது. ‘ஃபெமிலியர்’ என்பதில் கூட்டத்துக்கு இடமில்லை. அது ஒருவருடைய சொந்தப் பழக்கத்தைச் சொல்வது. தெருவில் ஒரு முகத்தைப் பார்த்து, எங்கோ பார்த்த முகம், பெயர்தான் வரவில்லை என்று தவிக்கும்போது அந்த முகம் ‘ஃபெமிலியர்’. அவரை உலகத்தில் வேறு யாருக்கும் தெரியவேண்டியதில்லை. அதில் திசையைக் காட்டும் சிறுசொல்லும் முக்கியம்: நான் நூலோடு பழகியிருந்தால் ‘வித்’, நூல் எனக்குப் பழகியிருந்தால் ‘டு’. ‘நோன்’ தனியாகப் பெயர்ச்சொல்லின் முன் நின்றால் மறுபடியும் பொருள் மாறுகிறது. ‘எ நோன் ரிஸ்க்’ என்றால் ஐயமின்றி உறுதிப்பட்ட ஆபத்து; ‘எ நோன் கிரிமினல்’ என்றால் குற்றவாளி என்று அடையாளம் காணப்பட்டவர். அதனால், ‘அவர் எனக்குத் தெரிந்தவர்’ என்பதை ‘ஹி இஸ் எ நோன் பெர்சன்’ என்று நம்மில் பலர் சொல்வது, அந்தப் பாவப்பட்ட மனிதரை ஏதோ பதிவேட்டில் ஏற்றிவிட்டது போல ஒலிக்கிறது. ‘சம்ஒன் ஐ நோ’ என்பதே அங்கே போதும்.

‘ரெப்யூட்டட்’ பற்றியும் ஒரு சொல். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ‘எ ரெப்யூட்டட் கம்பெனி’ என்று வருவதை நல்ல பெயர்பெற்ற நிறுவனம் என்றே நாம் படிக்கிறோம்; நம் ஆங்கிலத்தில் அது வேரூன்றிவிட்டது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அதைப் படிப்பவருக்கு, அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், உண்மையோ என்னவோ என்ற தொனி முதலில் தட்டுப்படும். ஒருவர் பெரும் பணக்காரர் என்று பேச்சு இருந்தால் அங்கே ‘ரெப்யூட்டட் டு பி ரிச்’ என்பார்கள். பணம் இருக்கிறதா என்பதற்கு அந்தச் சொல் பொறுப்பேற்காது. நம்பத்தக்க நற்பெயரைச் சொல்ல ‘ரெப்யூட்டபிள்’ இருக்கிறது. நம் வழக்கைத் தவறு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒரு மொழியைக் கோடிக்கணக்கானோர் ஒரு விதமாகப் பயன்படுத்தினால் அதுவும் ஒரு வழக்குதான். ஆனால் கடல் கடந்து போகும் விண்ணப்பக் கடிதத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

பயன்பாட்டில் ‘வெல் நோன்’ மிகவும் சந்தேகத்துக்குரியதாக நிற்கும் இடம், ‘இட் இஸ் வெல் நோன் தட்’ என்று தொடங்கும் வாக்கியம். ஆய்வுக் கட்டுரைகளில் இப்படித் தொடங்கும் வாக்கியத்தைக் கண்டால், எழுதியவருக்கு மேற்கோள் தேடச் சோம்பல் என்று படிப்பவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உண்மையிலேயே எல்லோருக்கும் தெரிந்தது என்றால் சொல்லவே தேவையில்லை. தெரியாது என்றால் அந்தத் தொடர் பொய்யாகிவிடும். ‘யாவரும் அறிந்ததே’ என்று முடியும் நம் மேடை வாக்கியங்களுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பதிப்பு, ‘ரினௌண்ட்’, ‘செலிப்ரேட்டட்’, ‘லெஜண்டரி’ போன்றவற்றைத் தோகை விரிக்கும் ‘மயில் சொற்கள்’ என்று பெயரிட்டு, கட்டுரை எழுதுபவர்களை எச்சரிக்கிறது: ஒருவரை மகத்தானவர் என்று சொல்லாதே, அவர் செய்ததைச் சொல், வாசகர் முடிவு செய்துகொள்வார் என்பது அதன் சாரம். நான் அன்று எழுதிய அரைப் பக்கத்தில் மயில்கள் நான்கு இருந்தன. அவர் எந்த வகுப்புகளுக்கு எத்தனை ஆண்டுகள் இலக்கணம் நடத்தினார், எந்தப் பாடத்தை எப்படி நடத்தினார் என்ற செய்தி ஒன்றுகூட இல்லை. அவை இருந்திருந்தால் அடைமொழி தேடி அகராதியைத் திறக்க வேண்டியே வந்திருக்காது. ஆனாலும் அடைமொழிகளை முற்றிலும் துறக்கச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. புதியவர் ஒருவருக்கு ஒரு பெயரை முதன்முதலாகச் சொல்லும்போது, அந்தப் பெயர் பலருக்குத் தெரிந்ததா இல்லையா என்பது பயனுள்ள செய்தி. அந்த வேலையைப் பாராட்டு கலக்காமல் செய்வதற்கு ‘வெல் நோன்’ அளவுக்கு அடக்கமான சொற்றொடர் வேறில்லை. ஒரே கட்டுரையில் அது இரண்டு முறை வந்தாலும் குற்றமில்லை என்று பள்ளியில் யாராவது சொல்லியிருக்கலாம்.

ஒப்புமைப் படியில் வரும் ‘பெட்டர் நோன் ஆஸ்’ என்பதற்கு ஒரு தனி வேலை இருக்கிறது: இயற்பெயரையும் புனைபெயரையும் இணைப்பது. சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ் என்றால் பலர் யார் என்று கேட்பார்கள். ‘பெட்டர் நோன் ஆஸ்’ என்று சொல்லி மார்க் ட்வெய்ன் என்றதும் தலையசைப்பார்கள். இங்கே ஒப்பீடு இரண்டு மனிதர்களுக்கிடையே இல்லை, ஒரே மனிதரின் இரண்டு பெயர்களுக்கிடையே. தமிழில் ‘என்று அழைக்கப்படும்’ என்றோ ‘என்ற பெயரால் பரவலாக அறியப்படும்’ என்றோ சுற்றி வளைக்கிறோம். ‘என்றால்தான் பலருக்குத் தெரியும்’ என்று எழுதினால் அந்த ஒப்பீட்டின் சுவையும் வந்துவிடுகிறது.

எதிர்ச்சொல்லுக்கு வந்தால், ‘இல் நோன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘அன்நோன்’ என்றால் யாருக்கும் தெரியாதவர் என்ற அளவுக்குக் கடுமையாகப் போய்விடும். இடையில் நிற்பவர்களுக்காக ‘லிட்டில்-நோன்’, ‘லெஸ்ஸர்-நோன்’ என்ற இரண்டு இருக்கின்றன. முன்னது சிலருக்கே தெரிந்தவர். பின்னது தம் இனத்தைச் சேர்ந்த வேறொருவரைவிடக் குறைவாகத் தெரிந்தவர், ஆகவே ஒப்பிட ஒருவர் மனத்தில் இருந்தால்தான் அது நிற்கும். இந்த இடத்தில் முன்பு சொன்ன சிறு கோட்டை மறந்துவிடக் கூடாது. ‘எ லிட்டில்-நோன் போயட்’ என்று கோட்டோடு எழுதினால் அதிகம் பேர் அறியாத கவிஞர்; கோட்டை எடுத்துவிட்டால், அடையாளம் காணப்பட்ட குட்டைக் கவிஞர் என்று படிக்கவும் இடமுண்டு.